கடைக் கணினிக்கு விலையில்லா அலுவலக மென்பொருள்

இன்று நம் கடைவீதிகளில் கணினி இல்லாத மண்டியைக் காண்பது அரிது. பில் போட ஒரு மென்பொருள், கணக்குக்கு ஒரு மென்பொருள் என்று வைத்திருக்கிறோம். அவற்றைப் பெரும்பாலும் காசு கொடுத்து, ரசீது பெற்றுத்தான் வாங்குகிறோம். ஆனால் அன்றாட விலைப் பட்டியல், பாக்கி விவரம், லாரி வாடகைக் கணக்கு, வங்கிக்கு எழுதும் கடிதம் இவற்றையெல்லாம் தயாரிக்கிற எக்செல், வேர்டு ஆகியவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் நம்மவர்களில் பலருக்குப் பதில் தெரியாது. "கம்ப்யூட்டர் வாங்கும்போதே போட்டுக் கொடுத்தார்கள்" என்பார்கள். கணினி வாங்கிய பில்லை எடுத்துப் பார்த்தால் அந்த மென்பொருளுக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

பில் இல்லாமல் வந்து இறங்கும் மூட்டையை நாம் குடோனுக்குள் ஏற்றுவோமா? செக்போஸ்ட் இருந்த காலத்திலிருந்தே அதன் விளைவு நமக்குத் தெரியும். கணினிக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்பதால் அந்த எச்சரிக்கை அங்கே மட்டும் தளர்ந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வணிகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 63பி என்றொரு பிரிவு உண்டு; 1994இல் திருத்தம் கொண்டுவந்து சேர்த்தார்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, அத்துடன் ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ அல்லாமல் பயன்படுத்தியவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்று ஒரு சலுகையும் இருக்கிறது. வீட்டில் பையன் படிக்க வைத்திருக்கும் கணினிக்கு அது பொருந்தலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினிக்குப் பொருந்தாது.

சட்டத்தைவிட அருகில் இருக்கும் ஆபத்து வேறொன்று. திருட்டுப் பிரதியைப் போடுகிறவர் முதலில் செய்யும் காரியம், வைரஸ் தடுப்பை நிறுத்திவைப்பது. அது ஓடினால் பூட்டை உடைக்கும் புரோகிராமை உள்ளே விடாது. அப்படிக் கதவைத் திறந்துவைத்து உள்ளே விட்ட புரோகிராமுடன் வேறு என்ன வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நாசகாரப் புரோகிராம்கள் வரும் வழிகளில் இதுவும் ஒன்று. நிலுவைப் பட்டியல் பூட்டப்பட்டுவிட்டால் யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்று எதை வைத்துக் கேட்பது?

அப்படியானால் காசு கொடுத்து வாங்கிவிடலாமே என்றால், தாராளமாக வாங்கலாம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சரக்கு நல்ல சரக்குதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்போது அதைப் பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவாகவே விற்கிறார்கள். கடை வாடகை மாதிரி, கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் பதிப்பும் உண்டு. ஆனால் அதற்கும் ஆயுள் இருக்கிறது. 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 14-10-2025 உடன் முடிந்துவிட்டது. அவை ஓடும், பழுது பார்த்துத் தரமாட்டார்கள். கணினி ஒன்றுக்கு ஒன்று என்று நான்கைந்து வாங்கவேண்டிய கடைக்கு இது சிறிய தொகை அல்ல.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருப்பதை நம் வணிகர்கள் அதிகம் அறியவில்லை. லிப்ரே ஆபீஸ் என்பது அதன் பெயர். கடிதம் எழுத ரைட்டர், கணக்கு அட்டவணைக்கு கால்க், இன்னும் நமக்கு அதிகம் தேவைப்படாத இரண்டு மூன்று பகுதிகள். விலை கிடையாது. ஒரு கணினியில் போட்டாலும் ஐம்பது கணினியில் போட்டாலும் சட்டப்படி சரி. கடைக்குப் பயன்படுத்தலாம், பக்கத்துக் கடைக்காரருக்குப் பிரதி எடுத்தும் கொடுக்கலாம்.

சும்மா கொடுக்கிற சரக்கு என்றதும் வியாபாரிக்குச் சந்தேகம் வருவது நியாயமே. யார் கை முதல் போடுகிறது என்று தெரியாமல் நாம் ஒரு கிலோ உளுந்துகூட வாங்குவதில்லை. ஆகவே இதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறோம். 1980களில் ஜெர்மனியில் மார்கோ போரீஸ் என்ற இளைஞர் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் என்ற கம்பெனியின் ஸ்டார் ஆபீஸ்தான் இதற்கு மூலம். 1999இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கியது. மறு ஆண்டே அதன் மூல நிரலை, அதாவது செய்முறையையே, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. அது ஓபன் ஆபீஸ் ஆயிற்று. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. புது முதலாளியின் போக்கில் நம்பிக்கையில்லாத நிரலாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் செய்முறையை எடுத்துக்கொண்டு தனிக்கடை போட்டார்கள். அதுதான் லிப்ரே ஆபீஸ். பெர்லினில் பதிவான டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை அதை நடத்துகிறது. அரசாங்கங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் பராமரிப்பு செய்துகொடுத்துப் பணம் பெறும் கம்பெனிகள் தங்கள் பொறியாளர்களை இதில் வேலை செய்ய விடுகின்றன. தொண்டர்கள் பலர் சேர்ந்து உழைக்கிறார்கள். நன்கொடையும் வருகிறது. ஆக, முதல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் வசூலிக்கவில்லை, அவ்வளவே.

பழைய ஓபன் ஆபீஸும் அப்பாச்சி என்ற பெயருடன் இன்னும் கிடைக்கிறது. அதன் வளர்ச்சி மிகவும் மெதுவாகிவிட்டது. புதிதாகப் போடுகிறவர்கள் லிப்ரே ஆபீஸையே போடுவது நல்லது.

தமிழில் இதை 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள். இலவசம் என்பதைவிட இந்தச் சொல் பொருத்தமானது. விலை இல்லாதது ஒரு பக்கம். ஒரு முதலாளி கடையை மூடினாலும் சரக்கு நின்றுபோகாது என்பது இன்னொரு பக்கம். ஆரக்கிள் விஷயத்தில் நடந்ததே அதற்குச் சாட்சி. இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 2005இல் மத்திய அரசு சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில் தமிழ் ஓபன் ஆபீஸ் இருந்தது. அதற்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸ், ஓபன் ஆபீஸுக்கு மாற்றியது.

விருதுநகரில் எங்கள் பருப்பு மண்டியில் இரண்டு கணினிகளில் லிப்ரே ஆபீஸ்தான் ஓடுகிறது. காலையில் துவரை, உளுந்து, பாசிப்பயறு விலை நிலவரத்தைக் கால்க்கில் அடித்து, அதிலேயே இருக்கும் ஒரு பொத்தானை அழுத்தி பி.டி.எஃப். ஆக்கி, வெளியூர் சில்லறைக் கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். ஏற்றுகூலி, தரகு, லாரி வாடகை சேர்த்து மூட்டை அடக்கவிலை போடும் அட்டவணை ஒன்று பல ஆண்டுகளாக எக்செல்லில் இருந்தது. அதைத் திறந்தோம், கூட்டல், சதவீதம், நிபந்தனை எல்லாம் அப்படியே வேலை செய்தன. கணக்குப்பிள்ளைக்கு வயது 58. "பட்டன் இடம் மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை" என்றார். அவருக்கு ஒரு வாரம் முணுமுணுப்பு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

எல்லாம் சரியாக ஓடும் என்று சொன்னால் அது பொய் சொல்லி விற்பதாகும். மேக்ரோ வைத்து எழுதப்பட்ட எக்செல் கோப்புகள் இதில் சரிவர ஓடாமல் போகலாம். இது நமக்கு நேரடியாகப் பாதிப்புள்ள விஷயம். ஜி.எஸ்.டி. ஆண்டுக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-9 படிவத்துக்கு இணையதளத்தில் தரும் ஆஃப்லைன் கோப்பு, எக்செல் மேக்ரோவை நம்பிச் செய்யப்பட்டது. அதற்கு உண்மையான எக்செல்தான் வேண்டும். பெரும்பாலான கடைகளில் அந்த வேலையை ஆடிட்டர் அலுவலகமே செய்வதால் தொந்தரவு இல்லை. கடையிலேயே செய்கிறவர்கள் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் முறையாகக் காசு கொடுத்து எக்செல் வாங்கிக்கொண்டு, மற்றவற்றில் லிப்ரே ஆபீஸ் வைத்துக்கொள்ளலாம். சில பில்லிங் மென்பொருள்கள் அறிக்கையை நேராக எக்செல்லில்தான் திறப்போம் என்று அடம்பிடிக்கும். மாறுவதற்கு முன் அதை விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: லிப்ரே ஆபீஸ் பில் போடும் மென்பொருள் அல்ல, கணக்கு மென்பொருளும் அல்ல. அவற்றை எடுத்துவிட்டு இதைப் போடலாம் என்று யாரும் எண்ணவேண்டாம்.

கோப்பைச் சேமிக்கும்போது இது தன்னுடைய ஓ.டி.எஃப். வடிவத்தில் சேமிக்கும். அது 2006இலேயே சர்வதேசத் தர நிர்ணய நிறுவனமான ஐ.எஸ்.ஓ. ஏற்றுக்கொண்ட வடிவம், எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் இன்னும் இருபது ஆண்டு கழித்தும் திறக்கலாம். நம் சொந்தக் கணக்குகளுக்கு இதுவே நல்லது. ஆடிட்டருக்கும் வங்கிக்கும் அனுப்புவதை மட்டும் எக்செல் வடிவத்தில் சேமித்து அனுப்பவேண்டும். தினமும் அப்படித்தான் வேண்டுமென்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோடு/சேவ் என்ற இடத்தில் ஒரு தடவை மாற்றிவைத்தால் போதும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கடிதங்கள் கட்டம் கட்டமாகவோ ஆங்கிலக் குப்பையாகவோ தெரிந்தால் பயப்படவேண்டாம். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் இதிலும் ஒழுங்காகத் தெரியும். புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். தமிழக அரசே 2010இல் அதற்கு மாறிவிட்டது.

அரசாங்கங்களின் அனுபவம் இரு விதமாகவும் இருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் கட்டற்ற மென்பொருளுக்கு மாற முடிவுசெய்து, பல ஆண்டு உழைத்து மாறி, 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போக முடிவெடுத்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்களையும் பழைய படிவங்களையும் மாற்றுவது மலையை நகர்த்துவது போன்றது. நம் கடையில் இருப்பது இரண்டு கணினியும் ஒரு கணக்குப்பிள்ளையும்தான்.

போட விரும்புகிறவர்கள் லிப்ரே ஆபீஸ் புள்ளி ஆர்க் என்ற அந்த அறக்கட்டளையின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நன்கொடை கேட்பார்கள், கொடுப்பது உங்கள் விருப்பம். வேறு எங்காவது இதற்கு விலை கேட்டால் விலகிவிடுங்கள். பழைய கோப்புகளை முதலில் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, கணினியை விட்டுக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். திருட்டுப் பிரதியை எடுப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நாள் இரண்டையும் ஒத்துப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதை நாங்கள் சொல்லமாட்டோம். முதலில் அதை எடுத்துவிடுங்கள். மார்ச் கடைசியிலும், தீபாவளிச் சரக்கு இறங்கும் வாரத்திலும் இந்த வேலையில் கை வைக்கவேண்டாம். ஆடி மாதம் மந்தமாக இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.