வீட்டு வாசலில் வண்டி வேலை

பி.எஸ்.-6 புகை விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. அந்த இடத்துக்கு வந்த ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனை ஒரு சிறு கணினி நடத்துகிறது. காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்வதால், ஸ்க்ரூ டிரைவரைத் திருகி ‘டியூனிங்’ வைத்து மைலேஜ் கூட்டும் கலை இந்த வண்டிகளிடம் செல்லாது. 1950-களில் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய புல்லட்டின் பழைய மாடல்களை வைத்திருந்தவர்கள் டேப்பட் சரிசெய்வதையும் சி.பி. பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பதையும் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். இன்று எஞ்சினுக்குள் உரிமையாளருக்கு வேலை மிகக் குறைவு. ஆனால் எஞ்சினுக்கு வெளியே இருக்கும் செயின், டயர், பிரேக், ஒயர்கள் எல்லாம் அன்று தேய்ந்தது போலவே இன்றும் தேய்கின்றன. வீட்டுப் பராமரிப்பு என்பது இனி பெரும்பாலும் இவற்றைப் பற்றியதுதான். அதில் பாதி, ஸ்பேனரையே எடுக்காமல் பார்த்தும் அழுத்தியும் அளந்தும் முடிகிற வேலை.

எஞ்சின் பக்கம் மிஞ்சியிருப்பதில் முக்கியமானது ஆயில். வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்க அவகாசம் கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் அளவு பொய் சொல்லும். எந்த ஆயில் என்பதில்தான் குழப்பம் அதிகம். பாட்டிலில் இருக்கும் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்ற குறிகளில் முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதையும், இரண்டாவது எண் எஞ்சின் சூடேறிய பிறகு அதன் கெட்டித்தன்மையையும் காட்டுகின்றன. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு 10டபிள்யூ-30 போட வேண்டிய வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றுபவர்கள் உண்டு. எஞ்சினுக்குள் இருக்கும் ஆயில் வழிகளின் அகலம் குறிப்பிட்ட ஆயிலுக்கென்றே தீர்மானிக்கப்பட்டது. ஊர் வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கையேட்டில் அந்த எண்ணை அச்சிடுகிறார்கள்.

அதைவிட முக்கியம், பாட்டிலில் ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்ற குறி இருக்கிறதா என்பது. கியர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே முழுகிக் கிடக்கின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் ரசாயனங்கள் சேர்ந்திருக்கும். அதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கி, ஆக்சிலேட்டரைத் திருகினாலும் வண்டி இழுக்காது. எம்.ஏ. குறி உள்ள ஆயில் இப்படிப்பட்ட ஈரக் கிளட்சுக்காகவே ஜப்பானிய வாகனத் தர அமைப்பு வகுத்த அளவுகளின்படி தயாரானது.

ஆயில் மாற்றுவதை வீட்டில் செய்ய முடியும். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது அடியில் அகலத் தட்டை வைத்து டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் போதும். ஆபத்து போல்ட்டைத் திரும்ப மாட்டும்போதுதான். எஞ்சினின் உடல் அலுமினியம், போல்ட் இரும்பு. முழு பலத்தையும் காட்டி இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். பிறகு லேத் பட்டறைக்குப் போய்ப் புது மரை போட வேண்டியிருக்கும். முதலில் கையால் திருகி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அளவோடு இறுக்குவது முறை. டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்கலாம். கழித்த ஆயிலை சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், பழைய கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். அங்கே அதைச் சேகரித்து வாங்கிக்கொள்ள ஆள் வருவார். வாரன்டி முடியாத வண்டி என்றால் இந்த வேலையை சர்வீஸ் சென்டரிலேயே செய்து பில்லை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஏர் ஃபில்டரில் ஒரே எச்சரிக்கை: காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. எண்ணெய் பூசிய காகித வகையை ஊதிச் சுத்தம் செய்வதும் வீண். அதை மாற்றத்தான் வேண்டும். ஸ்பான்ஞ் ஃபில்டரை மட்டும் சோப்பு நீரில் அலசி, காயவைத்து, கையேடு சொன்னால் சிறிது ஆயில் தடவிப் பொருத்தலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் நிலை ஓரளவு தெரியும். முனை லேசான பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கக்கூடும். அது மெக்கானிக்கின் வேலை.

வீட்டில் செய்யும் வேலைகளிலேயே அதிகப் பலன் தருவது செயின் பராமரிப்பு. மூடிய செயின் கவர் உள்ள வண்டிகளில் கண்ணில் படாததாலேயே அது மறந்துபோகிறது. தளர்ந்த செயின் பல்சக்கரத்தைக் கடித்துத் தேய்க்கும். மேடுபள்ளத்தில் கழன்று சக்கரத்தையே பூட்டிவிடவும் கூடும். இறுக்கமான செயினும் கெடுதல்தான். இரண்டு பேர் ஏறி உட்காரும்போது பின்சக்கரம் மேலே எழுந்து செயின் இன்னும் இறுகும். அந்த இழுப்பை கியர் பாக்ஸ் பேரிங் தாங்க வேண்டியிருக்கும். செயினின் கீழ்ப்பகுதியில் நடுவே விரலால் மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலான சிறிய வண்டிகளில் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. அதனால் சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுற்றி, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் இறுக்கிவிட்டு, ஒரு சுற்றில் ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் வருவதாகப் புலம்புபவர்கள் பலர்.

இறுக்கும்போது ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இருபக்கமும் உள்ள அட்ஜஸ்டர்களை ஒரே அளவு திருப்ப வேண்டும். ஸ்விங் ஆர்மில் செதுக்கியிருக்கும் கோடுகள் இதற்காகத்தான். ஒருபக்கம் கூடினால் சக்கரம் கோணலாகி வண்டி இழுத்துக்கொண்டு ஓடும். வேலை முடிந்ததும் பின் பிரேக் பெடலின் ஆட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். டிரம் பிரேக்கில் சக்கரம் பின்னால் நகர்ந்தால் அந்த அளவும் மாறிவிடும். அழுக்கைப் போக்க மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் செயினில் ரப்பர் வளையங்களை அது கெடுக்கும். காய்ந்த பிறகு 90 எண் கியர் ஆயிலையோ செயின் ஸ்பிரேயையோ செயினின் உட்பக்கமாகப் போட்டு, ஓரிரண்டு மணி நேரம் ஊறவிட்டு, வழிவதைத் துடைத்துவிட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுக்கொண்டு செயினைத் துடைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. துணி சிக்கினால் விரல் துண்டாகும். சக்கரத்தைக் கையால் சுற்றுவதைத் தவிர இதற்கு வேறு வழியே இல்லை. பல்சக்கரத்தின் பற்கள் ஒருபக்கமாக வளைந்து கூராகிவிட்டால் செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேய்ந்த பற்கள் புதுச் செயினையும் சீக்கிரமே கெடுத்துவிடும். முன் பின் பல்சக்கரங்களோடு செயின் செட்டாக மாற்றுவதே கணக்குக்குச் சரி.

டயர் காற்றுக்கு ஒரே பொது எண் கிடையாது. செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன்னுக்கு ஓர் அளவும், பின்னுக்கு ஒருவர், இருவர் என இரண்டு அளவுகளும் இருக்கும். தனியாக ஓட்டும் அளவுக்குப் பிடித்த காற்றோடு மனைவி, பிள்ளை, மளிகைப் பை எல்லாவற்றையும் ஏற்றிச் செல்வதே நம் தெருக்களில் வழக்கம். டயரின் பக்கவாட்டு அதிகமாக மடங்கிச் சூடாவது இதனால்தான். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓட்டி வந்ததும் அளந்தால் சூட்டில் விரிந்த காற்று கூடுதலாகக் காட்டும். பெட்ரோல் பங்க் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதால் சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்வது வீண் செலவல்ல.

டயரின் வயதை அதன் பக்கவாட்டிலேயே படிக்கலாம். அங்குள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகன டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அது சட்டத்தின் கடைசி எல்லை. ஐப்பசி மழையில் அந்த அளவுப் பள்ளத்தோடு போவது துணிச்சல்தான். பள்ளம் இருந்தும் ரப்பர் வெடித்திருந்தால் டயரை மாற்றிவிட வேண்டும். டயருக்குப் பாலிஷ் போடுபவர்கள் சாலையில் படும் பகுதியில் அது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரேக்கில் தேய்மானத்தைப் பார்ப்பது எளிது. டிரம்மில் பெடலை முழுக்க அழுத்தும்போது வெளியே உள்ள அம்புக்குறி, மூடியில் இருக்கும் கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. டிஸ்க் பேடில் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அது மறைந்தால் பேடை மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஈரம் ஏறிய ஆயில், ஏற்காடு, கொல்லிமலை போன்ற நீண்ட இறக்கங்களில் சூடாகிக் கொதித்தால் லிவர் பஞ்சுபோல் அமுங்கும், பிரேக் பிடிக்காது. பிரேக்கைப் பார்ப்பது வீட்டு வேலை, ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் ஆயிலை மாற்றிக் காற்றெடுப்பதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் வேண்டும். ஒயர் நூல் பிரிந்திருந்தால் அறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்தது பேட்டரி. பி.எஸ்.-6 வண்டிகள் பலவற்றில் கிக்கர் இல்லை. இன்ஜெக்‌ஷனுக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி செத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எஞ்சின் அணைந்திருக்கையில் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. கழற்றும்போது நெகட்டிவ் ஒயர் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

மழைக்காலத்துக்குத் தனிக் குறிப்பு தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் முழுகின. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று செல்ஃபை அழுத்திப் பார்ப்பதுதான் அவற்றுக்குச் செய்யும் பெரிய கெடுதல். காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, குட்டி யானையில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவதே சரி. ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்தது உறுதி.

சிறு மேம்பாடுகளில் பணத்துக்குத் தக்க பலன் தருபவை பகட்டில்லாதவை. பிடிமானம் நல்ல டயர், இரட்டை ஹாரன், முன் ஃபோர்க்குக்கு ரப்பர் உறை, ட்யூப்லெஸ் பஞ்சர் கிட் ஆகியவை இந்த வகை. யு.எஸ்.பி. சார்ஜர் வைப்பவர்கள் ஃப்யூஸ் போட்டு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும்படி இணைக்க வேண்டும். 100 சிசி வண்டிகளின் சிறிய பேட்டரியை நேரடி இணைப்பு காலி செய்துவிடும். ஃபோன் ஹோல்டரிலும் ஒரு சிக்கல் உண்டு. சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு ஐஃபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் ஹோல்டர் இல்லாவிட்டால் பழைய ஃபோன் ஒன்றை மாட்டுவது மேல்.

ஹெட்லைட்டில் கவனம் வேண்டும். 35 வாட் பல்பு இருந்த இடத்தில் 90 வாட் பல்பைப் போட்டால் ஹோல்டர் உருகும். ஹாலஜனுக்காக வடித்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். ஓட்டுபவருக்குத் தெரியும் சாலையோ கூடிவிடுவதில்லை. கண்ணாடியையும் சேலை கார்டையும் கழற்றிவிட்டு அழகு பார்ப்பதை மேம்பாட்டில் சேர்க்க முடியாது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி.

நிறுவனம் வடிவமைத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சத்தம் போடும் சைலென்சருக்கு அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். அந்தப் பணத்தில் ஒரு 100 சிசி வண்டிக்கு இரண்டு புதிய டயரும் ஒரு செயின் செட்டும் வாங்கிவிடலாம்.