கறுப்பு அபாயா சுடுமா?

ஒலுவில் துறைமுகத்தில் உச்சி வெயிலில் அலைதடுப்புக் கருங்கல்லைத் தொட்டால் கை சுடும். பக்கத்தில் நிற்கும் வெள்ளைச் சுவர் அவ்வளவு சுடாது. கருநிறமும் சொரசொரப்பும் வெயிலைப் பெருமளவு உறிஞ்சி வெப்பமாக்கும். வெண்மையும் பளபளப்பும் அதைத் திருப்பி அனுப்பும்.

அப்படியானால் நாம் அணியும் கறுப்பு அபாயா? 1980இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, பாலைவன நாடோடி அரபிகளின் கறுப்பு, வெள்ளை அங்கிகளை வெயிலில் ஒப்பிட்டது. கறுப்புத் துணியே அதிகம் சூடேறியது. ஆனால் உடலைச் சேர்ந்த வெப்பமோ இரண்டிலும் ஒன்றுதான். தளர்ந்த அங்கிக்குள் ஓடிய காற்று, துணியின் சூட்டைத் தோலுக்கு வரும் முன்பே வெளியேற்றிவிட்டது.

உடலோடு ஒட்டிய கறுப்புத் துணியில் இந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே பெற்றோரே, பிள்ளைகளுக்கு அபாயா தைக்கும்போது நிறத்தை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். காற்று நுழைய இடம் விட்டுத் தையுங்கள்.