ஆடலில் ஒரு வாழ்க்கை

வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கிலும் தெற்கிலும் காவிரியாறு. இவற்றினிடையே பரந்து கிடப்பது சேலம், நாமக்கல் சமவெளி. இப்பகுதி மக்களுக்கு ஆடல் புதியதன்று. கோயில் விழாக்களில் விடிய விடியத் தெருக்கூத்து நடைபெறும். கட்டியக்காரன் முன்வந்து, இன்னார் வருகின்றார் என்று அறிவிப்பான். முடியையும் முகச்சாயத்தையும் கண்ட அளவிலேயே, 'இவன் துரியோதனன். இவன் கருணன்' என்று சிறுவரும் கூறிவிடுவர். கதை அனைவரும் அறிந்தது. ஆகவே, ஆட்டத்தைச் சுவைப்பதில் இடர்ப்பாடு இல்லை.

இக்காலத்தில் பள்ளி, கல்லூரி விழாக்களில் வேறொரு வகை ஆடலும் இடம்பெறுகின்றது. அதனைத் தற்கால நடனம் என்பர். அதில் முடியும் இல்லை, கட்டியக்காரனும் இல்லை, சில வேளைகளில் பாட்டுங்கூட இல்லை. மாணவர் சிலர் எளிய உடையில் வெறுங்காலுடன் மேடையேறுவர், நடப்பர், ஓடுவர், விழுவர், எழுவர். கலைஞர் ஒருவரின் வாழ்க்கையை அவர்கள் ஆடுவதாக நிகழ்ச்சி நிரல் கூறும். காண்போரோ திகைப்பர். 'இவர்களுள் அக்கலைஞர் யார்? அவர் பிறந்ததும் வளர்ந்ததும் எங்கே?' என்று தேடுவர். இவ்வாடல் எவ்வாறு அமைகின்றது என்பதை அறிந்துகொண்டால் அத்திகைப்பு நீங்கும்.

அமெரிக்க நாட்டில் எமிலி டிக்கின்சன் என்னும் பெண்பாற் புலவர் ஒருவர் இருந்தார். 1830-ல் பிறந்து 1886-ல் மறைந்த அவர், பிற்காலத்தில் தம் வீட்டைவிட்டு வெளியே வருவதே அரிதாயிற்று. ஏறத்தாழ 1,800 பாடல்களை அவர் இயற்றினார். அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறியவை மிகச் சில. புறத்தே நிகழ்ச்சிகள் குறைந்த இத்தகைய வாழ்க்கையை ஆடலாக்க இயலுமா? இயலும் என்று காட்டினார் மார்த்தா கிரகாம் என்னும் ஆடற்கலைஞர். 'உலகிற்கு ஒரு கடிதம்' என்ற அவரது ஆடல் 1940-ல் பென்னிங்டன் கல்லூரியில் அரங்கேறியது. அதில் அவர் ஒரே புலவரை இருவராக நிறுத்தினார். ஒருத்தி பாடல் வரிகளைப் பேசினாள், மற்றொருத்தி ஆடினாள். முன்னவள் ஊரார் கண்ட அமைதியான பெண்; பின்னவள் அப்பெண்ணின் உள்ளத்தே கொந்தளித்த உணர்ச்சி. கண்ணுக்குப் புலப்படாத அகவாழ்வு இவ்வாறு மேடையில் உருப்பெற்றது.

நம் நாட்டில் புதிய ஆடலுக்கு வழிகோலியவர்களுள் உதயசங்கர் தலைசிறந்தவர். ஓவியம் பயில இலண்டன் சென்ற அவர், ஆடற்கலைஞராகவே புகழ் பெற்றார். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டு 1948-ல் வெளிவந்த அவரது 'கல்பனா' என்னும் திரைப்படம், ஆடற்கலைஞன் ஒருவனின் கனவையும் முயற்சியையும் ஆடலாகவே காட்டியது.

ஓவியத்தில் தொடங்கி வேறொரு கலையில் புகழ் பெற்ற ஒருவர் நாமக்கல் சமவெளியிலும் வாழ்ந்தார். அவரே நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் 1888-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையில் அவருக்குப் பெயரும் பொருளும் தேடித் தந்தது ஓவியக்கலையே. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா 1911-ல் தில்லியில் நடைபெற்றது. அதனையொட்டி இராமலிங்கம் பிள்ளை தீட்டிய அரச குடும்ப ஓவியத்திற்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது.

ஆண்டுகள் சென்றன. 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்பெடுக்க நடந்தனர். படைக்கலம் ஏந்தாத அப்போருக்கென இராமலிங்கம் பிள்ளை இயற்றிய பாட்டே அவர்களுக்கு வழிநடைப் பாட்டாயிற்று. அப்போதும் ஆட்சி செய்தவர் அதே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர்தாம். அரசரின் உருவைத் தீட்டிப் பதக்கம் பெற்ற கை, அவ்வரசரின் சட்டத்தை மீறச் சென்றவர்களுக்குப் பாட்டெழுதிற்று. 1932-ல் கவிஞருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இவ்வாழ்க்கையை மாணவர் ஆடலாக்க விரும்பினால் என் செய்வர்? முதலில் நாமக்கல்லில் நினைவு இல்லமாகவும் நூலகமாகவும் விளங்கும் கவிஞரின் வீட்டுக்குச் சென்று அவர் வரலாற்றைக் கற்பர். பின்பு, கற்றவற்றுள் பெரும்பகுதியை விட்டுவிடுவர். ஆண்டுகளையும் பட்டங்களையும் உடலால் ஆடிக்காட்ட இயலாது. கை தூரிகையை இழுக்கும் அசைவு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வர். ஒருவன் தனியே நின்று காற்றில் அமைதியாகக் கோடு இழுப்பான். அக்கோடு மெல்ல மெல்ல நீளும். பிறகு, பின்னிருக்கும் பத்துப் பேரின் கால்கள் அதே கோட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கும். கவிஞர் ஒருவர், அவர் பாட்டைச் சுமந்து நடந்தவர் பலர். இதனைச் சொற்களின்றிக் காட்ட அந்த ஓர் அசைவு போதும். இறுதியில் அனைவரும் நெருங்கிச் சூழ்ந்து அசையாது நிற்க, நடுவே அக்கை மட்டும் கோடு இழுத்துக்கொண்டிருக்குமாயின், அதுவே சிறைச்சாலை. சுவரும் கம்பியும் வேண்டுவதில்லை.

ஆகவே, இத்தகைய ஆடலைக் காண்போர் கதையைத் தேடுதல் வேண்டா. அசைவைத் தேடுதல் வேண்டும். எந்த அசைவு மீண்டும் மீண்டும் வருகின்றது? முதலில் வந்தபோது இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் வேறுபாடு யாது? தனியே நின்றவன் எப்போது கூட்டத்தோடு சேர்கின்றான்? இசை நின்ற பின்னும் ஆடல் ஏன் நிற்கவில்லை? இவற்றைக் கவனித்தால் பொருள் தானே விளங்கும்.

ஆடுபவர் மாணவர் என்பதையும் மறத்தலாகாது. பல நாள் ஒத்திகை பார்த்தும் ஒருவன் அடி தவறலாம், ஒருத்தி முந்திக்கொள்ளலாம். அதனைக் கண்டு நகைப்பது அவையோர்க்கு அழகன்று. இடையில் பேசாதும் எழாதும் இருந்து, திரை விழுந்தபின் கைதட்டிப் பாராட்டுவதே பண்பாகும்.

கவிஞர் 1949-ல் சென்னை மாநிலத்தின் முதல் அரசவைக் கவிஞரானார், 1971-ல் பத்மபூஷண் விருது பெற்றார், 1972-ல் மறைந்தார். இச்செய்திகளை நூல்கள் கூறும். ஆனால், பதக்கம் தந்த பக்கத்தைவிட்டுச் சிறை தரும் பக்கத்திற்குத் திரும்பிய அந்தக் கணம் எத்தகையது என்பதை, அவ்வசைவைத் தன் உடலில் ஏற்று ஆடும் மாணவன் உணர்வான். தன் வாழ்க்கையிலும் அத்தகைய கணம் வருமாயின் எப்பக்கம் திரும்புவது என்று அவன் எண்ணத் தொடங்குவான். உடனிருந்து காண்பவரும் அவ்வாறே எண்ணுவாராயின், ஆடல் தன் பயனை அடைந்ததாகும்.