ஒருபருவப் பூச்செடிகள்: தேர்வும் வளர்ப்பும்

பூவின்றி இந்நாட்டில் யாதொரு சுபகாரியமும் நடைபெறுவதில்லை. சுவாமி படத்துக்கு ஒரு சரம், வெள்ளிக்கிழமைக்கு ஒரு முழம், பண்டிகைக்கு ஒரு மாலை என்று ஒவ்வொரு குடும்பமும் வருஷம் முழுவதும் பூவுக்குப் பணம் செலவிடுகின்றது. ஒரு தடவைக்கு அற்பமெனத் தோன்றும் இத்தொகையை 12 மாதத்துக்கும் கூட்டிப் பார்ப்பவர் சிலரே. கூட்டிப் பார்ப்பவர், சேமிப்புக்கு உரிய பணத்தில் ஒரு பங்கு பூக்கடைக்குப் போவதைக் காண்பர். அதே வீட்டின் கொல்லையிலோ, குளித்த நீரும் பாத்திரம் அலம்பிய நீரும் பிரயோஜனமின்றித் தேங்கிக் கொசுவை வளர்க்கின்றன. இவ்விரண்டு நஷ்டங்களையும் ஒருங்கே குறைப்பதற்கு அரை சென்ட் நிலமும் சில ஒருபருவப் பூச்செடிகளும் போதுமானவை.

ஒரே பருவத்தில் முளைத்து, வளர்ந்து, பூத்து, விதை தந்து மடிந்துபோகும் செடியே ஒருபருவச் செடி எனப்படும். மல்லிகையும் அரளியும் பல வருஷம் நிற்பவை. ஒருபருவச் செடியோ விதைத்த இரண்டு மூன்று மாதங்களில் பலன் அளிக்கும். விரைவில் பலன் தருவது இதன் குணம். இதன் குறையும் அங்கேயே உள்ளது. மல்லிகை ஒரு பருவம் பொய்த்தாலும் மறு பருவம் பூக்கும். ஒருபருவச் செடிக்கு மறு பருவம் என்பது கிடையாது. ஆகவே எந்தச் செடி, எந்த நாளில் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விதைக்குமுன் விடை காணவேண்டும்.

பொட்டலத்துப் படமும் ஊரின் பருவமும்

பலர் விதையைத் தேர்ந்தெடுக்கும் விதம், பொட்டலத்தின் மீதுள்ள வர்ணப் படத்தைப் பார்த்து மயங்குவதேயாகும். ஒரு குடும்பத்தினர் ஆஸ்டர், பெட்டூனியா, பிளாக்ஸ் என்று எட்டு வகை விதைகளை வாங்கி, பொட்டலத்தில் அச்சிட்டுள்ளபடி வசந்த காலத்தில் விதைக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். குளிர்நாடுகளில் வசந்தம் என்பது பனி நீங்கி வெயில் இதமாகத் தொடங்கும் மார்ச், ஏப்ரல் மாதங்கள். சமவெளித் தமிழ் நாட்டிலோ அம்மாதங்கள் கோடையின் வாயில். முளைத்த நாற்றுகள் சித்திரை வெயிலில் கருகும். "எங்களுக்குக் கைராசி இல்லை" என்று அக்குடும்பத்தினர் தோட்டத்தையே கைவிடுவர். உண்மையில் பிழை கையில் இல்லை, நாளில் உள்ளது. மேற்சொன்ன குளிர்காலச் செடிகளைச் சமவெளியில் புரட்டாசி, ஐப்பசியில் நாற்றுவிட்டு, மார்கழி, தை மாதங்களில் பூக்கும்படி செய்யவேண்டும். நீலகிரி போன்ற மலைப் பிரதேசங்களுக்கு மட்டுமே வசந்த விதைப்பு பொருந்தும்.

முதல் வருஷத்துக்கு உகந்த ஐந்து

புதிதாகத் தொடங்குவோர் பல வகைகளை நாடாமல், இந்த ஊர் வெயிலையும் மழையையும் தாங்கிப் பழகிய ஐந்து செடிகளுடன் நிறுத்திக்கொள்வது உசிதம்.

கேந்தி: செண்டுமல்லி என்றும் வழங்கும். மெக்ஸிகோ தேசத்திலிருந்து உலகெங்கும் பரவிய செடியாயினும், இன்று மாலைக்கு இன்றியமையாததாகிவிட்டது. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும்.

வாடாமல்லி: இதன் வர்ணம் இதழால் வருவதன்று, பூவை மூடியுள்ள உலர்ந்த செதில்களால் வருவது. ஆதலால் பறித்த பின்னும் பல நாள் நிறம் மாறாது. தண்ணீர் குறைந்த வீட்டுக்கு இதுவே முதல் தேர்வு.

கோழிக்கொண்டை: வெப்பத்தை நன்கு தாங்கும். கதம்பத்துக்கும் மாலைக்கும் உதவும். இளங்கீரையாகவும் சமைக்கலாம்.

காசித்தும்பை: இந்நாட்டுக்கே உரிய செடி. மழைக்காலத்தில் செழிக்கும், வறட்சியைச் சிறிதும் பொறாது. சற்று நிழல் விழும் இடத்திலும் வளரும். ஆகவே நீர் செல்லும் வாய்க்கால் ஓரமே இதற்குத் தக்க இடம்.

ஜினியா: இதுவும் மெக்ஸிகோவைச் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸின் என்னும் ஜெர்மானிய தாவர சாஸ்திரியின் பெயரால் வழங்குவது. பல வர்ணங்களில் பூக்கும். நெருக்கி நட்டாலும், இலை நனையும்படி மாலையில் நீர் தெளித்தாலும் சாம்பல் நோய் காணும்.

நாள் கணக்கு

பண்டிகைக்குப் பூ வேண்டுமானால் பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். கேந்தி நாற்றங்காலில் 25 முதல் 30 நாள் இருக்கும். நட்ட பின் ஏறக்குறைய 60 நாளில் பூக்கும். ஆகக்கூடி 90 நாள். 2024-ல் ஆயுத பூஜை அக்டோபர் 11-ந் தேதி வந்தது. அதற்கு 90 நாள் முந்திய ஜூலை 13, அதாவது ஆனி மாதக் கடைசி, விதைக்க வேண்டிய நாள். 2025-ல் அதே பண்டிகை அக்டோபர் 1-ந் தேதி வந்தமையால் விதைக்கும் நாளும் ஜூலை 3-க்கு முந்திற்று. திதியைப் பின்பற்றும் பண்டிகை ஆண்டுதோறும் இடம் மாறுவதால், சென்ற வருஷத்து நாளையே நம்பி விதைப்பது ஏமாற்றத்தில் முடியும். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒவ்வொரு வருஷமும் புதிதாக எண்ணவேண்டும்.

பொங்கல் மட்டும் தை முதல் நாளில் நிலையாக நிற்பது. அதற்கு அக்டோபர் இரண்டாம் வாரத்தில் விதைக்கலாம். பனிக்காலத்தில் செடி பூக்கச் சில நாள் கூடுதலாகும் என்பதற்காகவே இந்த முன்னேற்பாடு. அச்சமயம் வடகிழக்குப் பருவமழை நெருங்குமாதலால், நாற்றங்காலை மேட்டில் அமைத்து மேலே ஓலைப் பந்தலிடுவது அவசியம்.

நாற்றங்காலும் நடவும்

தரை மட்டத்துக்கு அரை அடி உயரமான மேட்டுப்பாத்தியில், நன்கு மக்கிய எருவையும் மணலையும் கலந்து பரப்பவேண்டும். கோழிக்கொண்டை விதை மிகச் சிறியதாதலால், அதனுடன் உலர்ந்த மணலைக் கலந்து தூவினால் சீராக விழும். எந்த விதையையும் அதன் பருமனைப்போல் இரு மடங்குக்கு மேல் மண்ணால் மூடலாகாது. ஆழத்தில் புதைந்த விதை முளைக்கும் முன்னரே வலுவிழக்கும்.

நாற்றுகள் அடியில் அழுகிச் சாய்வதே நாற்றங்காலின் முக்கியமான நோய். நெருக்கமான விதைப்பும் ஓயாத ஈரமும் இதற்குக் காரணம். காலையில் பூவாளியால் நீர் தெளித்து, மாலைக்குள் மேல்மண் சற்று உலரும்படி விட்டால் பெரும்பாலும் தடுக்கலாம். காசித்தும்பையையும் ஜினியாவையும் நிற்கவேண்டிய இடத்திலேயே நேராக விதைக்கலாம்.

கேந்தி நாற்று நாலைந்து இலை விட்டதும், மாலை வேளையில், ஒன்றரை அடி இடைவெளியில் நடவேண்டும். நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூக்களின் எண்ணிக்கை பெருகும். கிள்ளிய செடி சில நாள் பிந்திப் பூக்குமாதலால், கிள்ளுவதாயின் அந்நாட்களையும் கணக்கில் சேர்த்து முன்னதாக விதைக்கவேண்டும். எரு மிகுந்தால் இலையே தழைத்துப் பூ குறையும். அரிசி களைந்த நீரும் குளித்த நீரும் பாய்ச்சலாம்; சவர்க்காரமும் சலவைத் தூளும் மிகுந்த நீரை விலக்கவேண்டும். வாடிய பூக்களை உடனுக்குடன் கிள்ளினால், செடி விதையில் சக்தியைச் செலவிடாது மேலும் பூக்கும்.

விதை எடுத்தல்

ஆண்டுதோறும் விதை வாங்குவது சிக்கனத்துக்கு விரோதம். ஒரு கிராம் கேந்தி விதையில் ஏறக்குறைய 300 விதைகள் இருக்கும். நல்ல செடி ஒன்றே அடுத்த பருவத்துக்கு ஒரு வீட்டுக்குப் போதும். எஞ்சி நிற்கும் கடைசிப் பூக்களிலிருந்து விதை எடுப்பது பொது வழக்கம். அது தவறு. பருவத்தின் நடுவிலேயே மிகச் சிறந்த இரண்டு செடிகளுக்கு நூல் கட்டி அடையாளமிட்டு, அவற்றின் பூக்களைப் பறியாது செடியிலேயே உலரவிடவேண்டும். காசித்தும்பையின் காய் முற்றினால் தொட்டவுடன் வெடித்து விதையைச் சிதறும். ஆகவே பச்சை நிறம் வெளுக்கும்போதே பறித்துத் துணியில் பரப்புவது நலம். எடுத்த விதைகளை நிழலில் உலர்த்தி, பெயரும் மாதமும் எழுதிய காகிதத்தில் மடித்து, ஈரம் புகாத புட்டியில் இடவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கடைகளில் விற்கும் ஒட்டுவீரிய விதையிலிருந்து வளரும் செடி அழகாகப் பூத்தாலும், அதன் விதையிலிருந்து வருபவை தாய்ச்செடியைப்போல் அமைவதில்லை. சில வகைகள் முளைக்கும் விதையே தருவதில்லை. விதை சேமிக்க விரும்புவோர் ஒட்டுவீரியமல்லாத ரகத்தைக் கேட்டு வாங்கவேண்டும். கேந்தியிலும் ஜினியாவிலும் வண்டும் தேனீயும் மகரந்தத்தைக் கலப்பதால், நிறம் மாறாதிருக்க ஒரே நிறத்தை வளர்ப்பதே எளிய வழி.

காய்கறிக்குத் துணை

கேந்தி பூ மட்டும் தருவதன்று. தக்காளியில் 16 வரிசைக்கு ஒரு வரிசை வீதம் கேந்தியை நடும் முறையை விவசாய நிபுணர்கள் சிபார்சு செய்கின்றனர். காய்த்துளைப்புழுவின் அந்துப்பூச்சி கேந்தி மொட்டை நாடி முட்டையிடுவதால் தக்காளி பிழைக்கும். தக்காளி நாற்று 25 நாள் வயதும் கேந்தி நாற்று 40 நாள் வயதும் உடையதாயிருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். கேந்தியின் வேர் மண்ணிலுள்ள வேர்முடிச்சு நூற்புழுவையும் குறைக்கும். ஆனால் ஓரத்தில் நாலு செடி வைத்து இப்பலனை எதிர்பார்க்கலாகாது. பாத்தி முழுவதும் நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர்த்தபின் காய்கறி நட்டாலே பயன் தெரியும்.

ஒன்றுகூடிச் செய்யத்தக்கது

வீட்டுத் தேவைக்கு வளர்ப்பது வேறு, கடன் வாங்கி விற்பனைக்குப் பயிரிடுவது வேறு. பண்டிகைக்கு முந்திய தினங்களில் ஏறும் பூவின் விலை பண்டிகை மறுநாளே வீழ்ந்துவிடும். ஆகவே ஒரு பருவமேனும் வீட்டளவில் வளர்த்து நாள் கணக்கை அறியாதவர் விற்பனையில் இறங்குவது புத்திசாலித்தனமன்று. சங்க அங்கத்தினர் பத்துப் பேர் சேர்ந்தால், ஒரே நாற்றங்காலில் பத்து வீட்டுக்கும் நாற்று விடலாம். ஒருவர் ஒரு வகையின் விதையைக் காத்துப் பிறருடன் மாற்றிக்கொள்ளலாம். ஒருவருக்குப் பொய்த்த விதை மற்றொருவரின் புட்டியில் இருக்கும்.

விதைத்த நாள், நட்ட நாள், முதற் பூ மலர்ந்த நாள் ஆகிய மூன்றையும் சங்கப் பாஸ் புத்தகத்தோடு ஒரு சிறு காகிதத்தில் குறித்து வைக்கும் குடும்பத்துக்கு, இரண்டாம் வருஷத்தில் பிறருடைய யோசனை தேவைப்படாது. கைராசி என்று ஊரார் சொல்வது பெரும்பாலும் அந்தக் காகிதத்தில் உள்ளதே.