தண்ணீருக்கு இரண்டு பெயர்

மேற்கு வங்காளத்தில் பீர்பூம் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே சந்தாலி மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். கோரா மொழி பேசும் மக்களும் வாழ்கிறார்கள்.

சந்தாலிக் குழந்தை வீட்டில் தண்ணீரைத் ‘தாக்’ என்று சொல்லும். பள்ளியில் வங்காளிப் புத்தகம். அதில் தண்ணீருக்கு ‘ஜோல்’ என்று பெயர். குழந்தைக்கு எழுத்தும் புதிது. சொல்லும் புதிது. அது என்ன செய்யும்? வாய் மூடி உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் ‘மக்கு’ என்பார். நாளடைவில் பள்ளியே கசந்து போகும்.

குழந்தைக்கு அறிவு இல்லையா? இருக்கிறது. அதன் மொழியில் புத்தகம்தான் இல்லை.

ஏன் இல்லை?

கதை எழுத வேண்டும். படம் வரைய வேண்டும். காகிதம் வாங்கி அச்சடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் அச்சடித்தால் ஒரு புத்தகத்தின் விலை குறையும். சில நூறு மட்டும் அச்சடித்தால் விலை ஏறும். அதனால் சிறிய மொழிகளில் புத்தகம் போடப் பலர் முன்வருவதில்லை.

வழி பிறந்தது

பிரதம் புக்ஸ் என்பது குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் நிறுவனம். லாப நோக்கம் இல்லாதது. 2015 செப்டம்பர் 8 அன்று அது இன்டர்நெட்டில் ஒரு கதைக் களஞ்சியம் தொடங்கியது. அன்று உலக எழுத்தறிவு நாள். களஞ்சியத்தின் பெயர் ஸ்டோரிவீவர். ‘கதை நெய்பவர்’ என்று பொருள்.

தொடக்கத்தில் அதில் 24 மொழிகளில் 800 கதைகள் இருந்தன. இன்று 300க்கும் அதிகமான மொழிகளில் கதைகள் உள்ளன. படிக்கக் காசு வேண்டாம். மொழிபெயர்க்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இது எப்படி நடக்கிறது?

ஆசிரியர் ஒரு கதையை எடுக்கிறார். படங்கள் அப்படியே இருக்கும். பழைய சொற்கள் இருந்த இடத்தில் தம் ஊர் மொழியில் எழுதுகிறார். ஐயம் வந்தால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்கிறார். பிறகு கதையைக் களஞ்சியத்தில் சேர்க்கிறார். அந்த மொழி பேசும் எல்லா ஊர்களுக்கும் அது பயன்படும். ஒருவர் உழைப்பு, பலருக்குப் பாடம்.

பீர்பூமில் சூசனா என்ற அமைப்பு இந்த வேலையைச் செய்தது. சந்தாலியிலும் கோராவிலும் கதைகள் வந்தன.

ஊரில் சிக்னல் இல்லையா? கவலை வேண்டாம். டவுனுக்குப் போகும்போது கதையைச் செல்போனில் இறக்கிக்கொள்ளலாம். தாளில் அச்செடுத்து வகுப்பில் கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

கதையை எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களை நீக்கக் கூடாது. இலவசம் என்றாலும் உழைப்பு அவர்களுடையது.

இன்டர்நெட்டில் உள்ள எல்லாப் புத்தகங்களும் இப்படிப் பொதுவானவை அல்ல. அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே பிரதி எடுக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் பிழை வரலாம். குழந்தைகளிடம் கொடுக்கும் முன் இன்னொருவர் படித்துப் பார்ப்பது நல்லது.

பொதுக்கிணறு ஊராருக்கெல்லாம் தண்ணீர் தரும். ஊரார் கூடித் தூர் வாரினால்தான் தரும். இந்தக் களஞ்சியமும் அப்படித்தான். எடுப்பவர்கள் கொஞ்சம் போடவும் வேண்டும்.

உங்கள் பாட்டி சொன்ன கதை ஒன்று உங்களுக்கு நினைவில் இருக்கும். அதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லை என்றால் நீங்களே எழுதலாமே! இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும்.