கை பிரேக் சிக்கினால் கியர்பாக்ஸ் போய்விடுமா?



செர்டாங்கில் அத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஒரு நாள், என் பழைய சாகா காடி நகர மாட்டாமல் திணறியது. பின் சக்கரத்தில் தீய்ந்த வாடை. கை பிரேக்கை இறக்கித்தான் இருந்தேன். பிரேக்தான் பிடியை விடவில்லை. முதலில் போன பட்டறையில், "கியர்பாக்ஸ் அடி வாங்கியிருக்கும், இறக்கிப் பார்க்க வேண்டும்" என்றார்கள். உண்மையில் இறக்கத்தான் வேண்டுமா? இதையே இந்த வாரம் நம் கலந்துரையாடலில் பேசினோம்.

சாகா, கஞ்சில், மைவி ஆகிய காடிகளில் எஞ்சின் சுழற்றுவது முன் சக்கரங்களை. கை பிரேக் பிடிப்பதோ பின் சக்கரங்களை. ஆகவே முதலில் சூடேறுவது பின்பக்கத்து பிரேக் ஷூ, டிரம், பேரிங், பிரேக் எண்ணெய் ஆகியவைதான். கியர்பாக்ஸுக்கு வருவது கூடுதல் சுமை. கொஞ்ச தூரம் ஓட்டியதால் மட்டும் அது கெடுவது அரிது.

பெரிய ஆபத்து பிரேக் எண்ணெயில் இருக்கிறது. புதிய டாட் 3 எண்ணெய் கொதிக்கக் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வேண்டும். ஈரம் உறிஞ்சிய பழைய எண்ணெய்க்கு 140 பாகையே போதும். கொதித்தால் ஆவி உண்டாகி, மிதித்த பிரேக் உள்ளே இறங்கிவிடும்.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? சமதரையில் நிறுத்தி ஆற விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஆட்டோ காடியானால் 'பி'யிலும் மற்றதானால் முதல் கியரிலும் போட்டு, பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் கேபிள் அல்லது ஷூ. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்காக இருக்கலாம். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் எண்ணெய் கசிகிறது, ஓட்டாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் கியர்பாக்ஸ். ஆட்டோ கியர் எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கிறதா? கிளட்ச் காடியில் எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறவில்லையா? இரண்டும் இல்லையென்றால் கியர்பாக்ஸைத் திறக்க அவசரம் இல்லை. ஆனால் பின் சக்கரத்தால் ஓடும் வேன், லாரிகளில் எஞ்சின் பூட்டிய சக்கரத்தையே சுழற்றப் போராடுகிறது. அவற்றில் டிஃபரன்ஷியலையும் பார்க்க வேண்டும்.

என் காடியில் தவறு செய்தது கேபிள். மழையும் தோட்டத்துச் சேறும் பட்டு உறைக்குள் துருப்பிடித்திருந்தது. கேபிள், ஷூ, பிரேக் எண்ணெய் மாற்றியதோடு வேலை முடிந்தது. பட்டறைக்குப் போனால், "முதலில் பின் சக்கரத்தைக் கழற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.