பறவைக் காய்ச்சல் காலத்தில் பூனைக்குக் கோழித் தீனி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, இஞ்சிவிளைக்கு அப்பால் களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபொழுது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தபோதிலும் உறவும் வாணிபமும் பிரியவில்லை. தமிழ்நாட்டுப் பண்ணைகளில் வளரும் இறைச்சிக் கோழிகள் லாரிகளில் கேரளத்திற்குச் செல்லுகின்றன. கோழிக் கடையில் மிஞ்சும் தலை, கழுத்து, குடல், தோல் முதலியன வீட்டுப் பூனைக்கும் தெருப் பூனைக்கும் தீனியாகின்றன. பறவைக் காய்ச்சல் தோன்றும் காலத்தில் இத்தீனி தகுமா? கடையில் பையாகவும் டப்பாவாகவும் விற்கும் பூனை உணவின் நிலை என்ன? களப் பணியாளரிடமும் ஆசிரியரிடமும் மக்கள் கேட்கக்கூடிய இவ்வினாக்களுக்கு விஞ்ஞானம் தெளிவாக விடை கூறியுள்ளது.

நோயும் அதன் வரவும்

பறவைக் காய்ச்சல் இன்புளூயன்சா வைரஸினால் உண்டாவது. இதன் கொடிய வகைகளுள் முதன்மையானது எச்5என்1. இந்தியக் கோழிகளில் இது முதன்முதலாக 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலத்து நவாப்பூரில் காணப்பட்டது. கேரளத்தில் 2014 நவம்பரில் குட்டநாட்டு வாத்துகளிடையே பரவியது. 2023 ஜனவரியில் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, அழூர் ஊராட்சியில் உறுதி செய்யப்பட்டது. 2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டத்து எடத்துவாவிலும் செறுதனாவிலும் தலைகாட்டியது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரை நோய்ப் பகுதியாகவும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதியாகவும் கொள்வது நம் நாட்டின் தடுப்புத் திட்டம். ஆயினும், பறந்து திரியும் பறவைக்கு இவ்வெல்லைகள் பொருட்டல்ல.

பூனை இனத்தின் பலவீனம்

பூனைக்கு இன்புளூயன்சா நோய் வராது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2004-ஆம் ஆண்டில் நெதர்லாந்து விஞ்ஞானிகள் நிகழ்த்திய சோதனை இக்கருத்தை மாற்றியது. நோயுற்ற கோழிக்குஞ்சை உண்ட பூனைகள் எச்5என்1 தொற்றுக்கு ஆளாயின. நோயுற்ற பூனையுடன் இருந்த பிற பூனைகளுக்கும் தொற்று பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் தாய்லாந்து நாட்டின் ஸ்ரீராச்சா விலங்குக் காட்சிசாலையில் பச்சைக் கோழி உண்ட புலிகள் நோயுற்றன. உடனே தீனி வேகவைத்ததாக மாற்றப்பட்டது. எனினும் புலியிலிருந்து புலிக்கு நோய் பரவியதால், 441 புலிகளுள் 147 இறந்தன அல்லது கொல்லப்பட்டன. தீனியைத் திருத்துவதை நோய் நுழைந்த பின்னர் தொடங்கினால் போதாது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டு நிகழ்ச்சிகளும் உள்ளன. நாகபுரியில் கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் மாண்டன. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் தேசிய நிறுவனம் அவற்றின் நோய் எச்5என்1 என உறுதி செய்தது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளிலும் இவ்வைரஸ் கண்டறியப்பட்டது; இந்திய வீட்டுப் பூனைகளில் இது முதல் நிகழ்ச்சியாகும்.

வெப்பமே காப்பு

தீனி பாதுகாப்பானதா என்பதை முடிவு செய்வது அதில் கோழி உண்டா இல்லையா என்பதன்று. அது போதிய வெப்பம் கண்டதா என்பதே. இறைச்சியின் உட்பகுதி உட்பட எங்கும் 70 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் எட்டினால் இவ்வைரஸ் அழிந்துபோகும். பையில் விற்கும் உலர் தீனி, மாவும் இறைச்சியும் கலந்து, மிகுந்த அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் செய்யப்படுவது. டப்பா உணவு மூடப்பட்ட பின் ஏறத்தாழ 120 டிகிரியில் வேகவைக்கப்படுவது. ஆகவே இவ்விரண்டையும் நோய்க் காலத்திலும் அச்சமின்றி அளிக்கலாம். பையைப் பிரித்த பின் பறவை எச்சம் படாமல் மூடி வைத்தல் வேண்டும்.

குளிர் இதற்கு நேர்மாறானது. உறையவைப்பதால் வைரஸ் அழிவதில்லை. மாறாக நெடுநாள் பாதுகாக்கப்படுகின்றது. பச்சையாக உறையவைத்து உலர்த்திய தீனியும் அத்தன்மையதே. 2023 ஜூலையில் தென்கொரியத் தலைநகர் சியோலில் பூனைகள் பல மாண்டபொழுது, கிருமிநீக்கம் செய்யப்படாத வாத்துத் தீனியிலேயே வைரஸ் அகப்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வீட்டை விட்டு வெளியேறாத பூனையொன்று உறைந்த பச்சை வான்கோழித் தீனியை உண்டு இறந்தது. பூனையின் உடலிலும் தீனியிலும் இருந்த வைரஸ்கள் ஒன்றே என மரபணுச் சோதனை மெய்ப்பித்தது.

செய்யத்தக்கவை

கோழிக் கடைக் கழிவைப் பச்சையாகப் பூனைக்கு இடும் வழக்கத்தை நிறுத்துமாறு கூறவேண்டும். விலை கொடுத்துப் பை உணவு வாங்க இயலாத வீட்டார், நல்ல கோழியின் இறைச்சியையும் ஈரலையும் நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, உள்ளே சிவப்பு மாறும் வரை வேகவிட்டுக் கொடுக்கலாம். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும், அதனை நீக்கிவிடுக. உள்ளி பூனைக்கு நஞ்சாதலால் மசாலாக் கறியை இடலாகாது. பச்சை இறைச்சியைத் தொட்ட கையையும் கத்தியையும் சோப்பினால் கழுவுக. இவ்வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு கரைத்துவிடும்.

நோயுற்றோ காரணமின்றியோ மாண்ட கோழியை வேகவைத்தும் பூனைக்கு இடுதல் கூடாது. அதைக் கையாளுவதே ஆபத்து. அண்டைப் பகுதியில் நோய் அறிவிக்கப்பட்டால் பூனையைப் பறவை வேட்டைக்கு விடாமல் வீட்டிலேயே வைத்திருத்தல் நன்று. பூனை தீனி மறுத்து, காய்ச்சலுற்று, மூச்சுத் திணறி, நடுக்கமோ வலிப்போ கண்டால், வெறுங்கையால் தொடாது கால்நடை மருத்துவமனைக்கு உடனே அறிவிக்க வேண்டும். பூனைகளிடமிருந்து பறவைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றுவது அரிது, எனினும் நடவாததன்று. 2016-இல் நியூயார்க் நகரக் காப்பகமொன்றில், எச்7என்2 என்னும் வேறு வகை, பூனைகளிடமிருந்து ஒரு கால்நடை மருத்துவரைப் பற்றியது.

வீட்டுப் பூனையுடன் மிக நெருங்கிப் பழகுவோர் குழந்தைகளே. இறந்த காகத்தையோ கோழியையோ தொடாமல் பெரியவரிடம் சொல்லவேண்டும் என்பதையும், பூனைக்குப் பச்சை இறைச்சி ஆகாது என்பதையும் ஆசிரியர் வகுப்பில் ஒருமுறை விளக்கினால், அச்செய்தி அன்று மாலையே ஊரின் எல்லா வீடுகளையும் எட்டிவிடும். அடுப்பில் ஒரு கொதி கூடுதலாக வைப்பதே இதற்கு ஆகும் செலவு.